தாத்தா என்றால் யார்?

உடப்புசல்லாவைக்கு அருகே உள்ள ஒரு முன்பள்ளிக்கு நாங்கள் சென்றிருந்த காலை அது. வெளியே பனிமூட்டம். தகரக் கூரையில் தூறல் விழுந்துகொண்டிருந்தது. உள்ளே பதினேழு பிள்ளைகள் பாயில் அமர்ந்திருந்தார்கள். பெரும்பாலானோர் தோட்டத்து லயங்களிலிருந்து வருபவர்கள். இருவர் கடைவீதியில் வியாபாரம் செய்யும் முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகள். ஒரு சிறுவனின் தாய் தமிழர். தந்தை பக்கத்துக் கிராமத்துச் சிங்களவர்.

ஆசிரியை கடதாசியும் வர்ணப் பென்சிலும் கொடுத்து, "எல்லாரும் உங்க தாத்தாவ வரைங்க, பாப்போம்" என்றார்.

பிள்ளைகள் குனிந்து வரையத் தொடங்கினார்கள். பலருடைய தாளில் நரைத்த தலை, கையில் ஒரு தடி, தோளில் கம்பளி. கடைவீதிச் சிறுமி ஒருத்தியின் தாளில் மட்டும் இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண்பிள்ளை, முதுகில் புத்தகப்பையோடு நின்றாள். தகப்பன் சிங்களவரான சிறுவன் முச்சக்கர வண்டி ஓட்டும் ஓர் இளைஞரை வரைந்திருந்தான்.

ஆசிரியை அந்தச் சிறுமியிடம், "தாத்தான்னா வயசானவரு இல்லையா? இது தப்பு. வேற வரைங்க" என்றார். சிறுமி ஒன்றும் சொல்லவில்லை. தாளை நான்காக மடித்துத் தன் காலுக்கடியில் வைத்துக்கொண்டு அதன் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

உதவிக்கு நின்ற பெண் கடைவீதியில் வளர்ந்தவர். அவர்தான் மெதுவாக வந்து சொன்னார்: "டீச்சர், அவங்க வீட்டுல அக்காவத்தான் தாத்தான்னு கூப்பிடுவாங்க."

அப்போதுதான் எங்களுக்கும் விளங்கியது. எங்கள் தமிழில் தாத்தா என்றால் பாட்டனார். சிங்களத்தில் தாத்தா என்றால் தகப்பனார். முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றில் தாத்தா என்றால் மூத்த சகோதரி. மூன்று பிள்ளைகளும் சரியாகத்தான் வரைந்திருந்தார்கள். தவறியவர்கள் பெரியவர்களாகிய நாங்களே.

அந்த ஆசிரியையை நாங்கள் மதிக்கிறோம். ஏனெனில் அவர் தம் தவற்றை மறைக்கவில்லை. சிறுமியிடம் சென்று, "எனக்குத் தெரியாமப் போச்சு. ஒங்க தாத்தாவப் பத்தி எல்லாருக்கும் சொல்லுங்க" என்று கேட்டார். மூன்று பிள்ளைகள் மூன்று படங்களோடு முன்னால் வந்து நின்றார்கள். வகுப்பு முழுவதும் சிரித்தது. பிறகு ஒரு வாண்டு எழுந்து, "அப்ப எனக்கு மூணு தாத்தா!" என்றான்.

ஏன் இதை உங்களுக்குச் சொல்கிறோம்?

இச்சஞ்சிகையை வாசிக்கும் உங்களில் பலர், மண்ணை விட்டுப் பெயர்ந்து வேறொரு மண்ணில் மண்வெட்டி பிடித்தவர்கள். 1970களின் முற்பகுதியில் தோட்டங்களில் பட்டினி வாட்டியபோது சிலர் வன்னிக்குச் சென்றீர்கள். 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களுக்குப் பின் இன்னும் பலர் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் காடு வெட்டிக் குடியேறினீர்கள். அங்கிருந்தும் யுத்தம் விரட்டியது. 2009இல் செட்டிகுளம் முகாம்களின் முட்கம்பிக்குள் வாழ்ந்தவர்களும் உங்களில் உண்டு.

இத்துயரம் ஓர் இனத்துக்கு மட்டும் உரியதன்று. 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டு, பெரும் எண்ணிக்கையில் புத்தளத்தில் தஞ்சமடைந்தார்கள். எமது நுவரெலியா மாவட்டத்திலேயே கொத்மலை நீர்த்தேக்கத்துக்காக 1980களின் தொடக்கத்தில் சிங்கள விவசாயக் குடும்பங்கள் வயலையும் விகாரையையும் நீருக்குள் விட்டுவிட்டுச் சென்றன. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. உயிர் தப்பியவர்கள் புதிய வீடு கிடைக்கும்வரை நெடுங்காலம் காத்திருந்தார்கள்.

இடம்பெயரும் குடும்பம் கொண்டுபோவது கொஞ்சம். பிள்ளை கொண்டுபோவது அதிலும் கொஞ்சம்: தன் பெயர், தன் பேச்சு, தன் வீட்டுப் பழக்கம். புதிய வகுப்பறையில் முதலில் சோதிக்கப்படுவது இவைதான்.

மலையகத்திலிருந்து வன்னிக்குச் சென்ற ஒரு தாய் எங்களிடம் சொன்ன சம்பவம் இது. அவருடைய மகன் புதிய பாடசாலையில் முதல் நாள், "டீச்சர் எங்கூட பேசினாங்க" என்று மகிழ்ச்சியோடு சொன்னான். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். வடக்கில் பேசுவது என்றால் ஏசுவது. உரையாடுவதற்கு அங்கே கதைப்பது என்பார்கள். ஏச்சு வாங்கியதற்கா இவ்வளவு சந்தோஷம் என்று கேலி செய்தார்கள். அதன் பின் தோட்டத்தோடு சேர்த்து ஒரு பட்டப்பெயரும் வந்தது. அப்பெயரை நாங்கள் இங்கே எழுதத் தேவையில்லை, உங்களுக்குத் தெரியும். அந்தப் பிள்ளை பல மாதங்கள் வகுப்பில் வாய் திறக்கவில்லை என்றார் தாய்.

இரண்டு தரப்பும் தமிழர்; இரண்டும் நல்ல தமிழ்தான். ஆயினும் ஒரு சொல்லின் வேறுபாடு ஒரு பிள்ளையின் வாயை அடைத்தது.

பிள்ளை எப்போது கற்கிறது?

"சின்னப் பிள்ளைக்கு இனமும் மதமும் என்ன தெரியும்? வளர்ந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம்" என்று பலர் நினைக்கிறோம். இது சரியா?

1940களில் அமெரிக்காவில் கெனத் கிளார்க், மேமி கிளார்க் என்ற உளவியலாளர் தம்பதியினர் ஓர் ஆய்வு செய்தார்கள். மூன்று வயது முதல் ஏழு வயது வரையான கறுப்பினப் பிள்ளைகளின் முன் பொம்மைகளை வைத்தார்கள். நிறத்தைத் தவிர அவற்றிடையே வேறுபாடு இல்லை. எது நல்ல பொம்மை, எதோடு விளையாட விருப்பம் என்று கேட்டபோது பெரும்பாலான பிள்ளைகள் வெள்ளைப் பொம்மையைக் காட்டினார்கள். கறுப்பு அழகில்லை என்று அப்பிள்ளைகளுக்கு எவரும் பாடம் நடத்தவில்லை. தெருவும் கடையும் பாடசாலையும் பேசாமலே கற்பித்துவிட்டன. இனவாரியாகப் பாடசாலைகளைப் பிரித்து வைப்பது சட்டவிரோதம் என்று அமெரிக்க உயர் நீதிமன்றம் 1954இல் தீர்ப்பளித்தபோது, இவ்வாய்வும் எடுத்துக் காட்டப்பட்டது.

ஆகவே பாலர் வகுப்பு மிகவும் முந்திய காலம் என்று எண்ண வேண்டாம். நாம் கற்பிக்காவிட்டால் வேறு யாரோ கற்பித்துவிடுவார்கள். தன் வீட்டுச் சொல்லை வெட்கமின்றிச் சொல்லக் கற்ற பிள்ளையே, அடுத்த வீட்டுச் சொல்லையும் காது கொடுத்துக் கேட்கும். காலுக்கடியில் தாளை மறைத்த பிள்ளை எதையும் கேட்காது.

பிரிந்தே படிக்கும் நாடு

எமது நாட்டுப் பிள்ளைகள் பெரும்பாலும் பிரிந்தே படிக்கிறார்கள். சிங்களமொழிப் பாடசாலை ஒருபுறம், தமிழ்மொழிப் பாடசாலை மறுபுறம். முஸ்லிம் பாடசாலைகள் தனியாக உண்டு. தாய்மொழியில் கற்பது பிள்ளையின் உரிமை. அதில் எமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஒரே பஸ் தரிப்பிடத்தில் இறங்கி, இரண்டு வாசல்களுக்குப் பிரிந்து போகும் பிள்ளைகள் பதினொரு ஆண்டுகள் கழிந்தும் ஒருவரையொருவர் அறியாதிருப்பது நல்லதா?

சமயபாடத்தையும் எண்ணிப் பாருங்கள். அரசாங்கப் பாடசாலைகளில் ஒவ்வொரு பிள்ளையும் தன் சமயத்தைக் கற்கிறது. அது நல்ல ஏற்பாடே. எனினும் பக்கத்து வீட்டுக்காரர் ஏன் நோன்பு இருக்கிறார், ஏன் வெசாக் கூடு கட்டுகிறார் என்று அறியாமலே தரம் 11ஐ முடித்துவிட முடிகிறது. எங்கள் மறைக்கல்வி வகுப்புகளும் இதற்கு விதிவிலக்கல்ல என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

மலையகப் பிள்ளைகளின் கதை இன்னும் பின்தங்கியது. இலவசக் கல்வி 1945இல் வந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசு படிப்படியாகப் பொறுப்பேற்கத் தொடங்கியதோ 1970களில்தான். அதுவரை ஓர் அறை, ஓர் ஆசிரியர், ஐந்து வகுப்புகள் என்பதே பல தோட்டங்களின் நிலை. நாட்டின் மற்றச் சமூகங்கள் மலையகப் பிள்ளையைப் பாடப்புத்தகத்தில் சந்திப்பதும் அரிதாகவே இருந்தது. சந்தித்தாலும், கூடை சுமந்த ஒரு பெண்ணின் படமாகத்தான்.

இந்நிலை மாற வேண்டும் என்று அரசும் ஏற்றுக்கொண்டுள்ளது. 1987இல் 13ஆவது திருத்தத்தின் மூலம் தமிழும் அரசகரும மொழியாயிற்று. சமூக ஒருங்கிணைவுக்கும் சமாதானத்துக்குமான கல்வி பற்றிய தேசியக் கொள்கை 2008இல் வெளியிடப்பட்டது. தமிழ்ப் பிள்ளைக்குச் சிங்களமும் சிங்களப் பிள்ளைக்குத் தமிழும் இரண்டாம் தேசிய மொழியாகப் பாடத்திட்டத்தில் உண்டு. ஆனால் ஆசிரியர் இல்லாத பாடசாலையில் அப்பாடம் நேரசூசியில் மட்டுமே இருக்கும்.

ஒரு நாள் விழா போதாது

பல பாடசாலைகளில் ஆண்டுக்கொருமுறை கலாசார விழா நடக்கிறது. ஒரு பிள்ளைக்கு வேட்டி, இன்னொரு பிள்ளைக்குத் தொப்பி, மற்றொன்றுக்குக் கண்டிய உடை. பலகாரம் பரிமாறப்படும், புகைப்படம் எடுக்கப்படும். மறுநாள் பட்டப்பெயர்கள் மீண்டும் தொடங்கிவிடும். விழா வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. விழாவோடு நின்றுவிட்டால் பிள்ளை உடையைக் கற்கிறதே தவிர, உடைக்குள் இருக்கும் மனிதரைக் கற்பதில்லை.

கோர்டன் ஆல்போர்ட் என்ற அறிஞர் 1954இல் இதைத் தெளிவாக எழுதினார். வெவ்வேறு மக்கள் வெறுமனே ஒன்றாக இருப்பதால் மட்டும் தப்பெண்ணம் தீராது. சம மதிப்பு வேண்டும். பொதுவான ஒரு நோக்கம் வேண்டும். அதற்காகச் சேர்ந்து உழைக்க வேண்டும். பொறுப்பிலுள்ளவர்களின் ஆதரவும் வேண்டும். இவை இருந்தால் மனம் மாற இடமுண்டு. விவசாயிகளாகிய உங்களுக்கு இது புதிதல்ல. வாய்க்கால் உடைந்த இரவில் மண் சுமந்தவர்கள், பக்கத்து வயற்காரரின் சாதியையோ சமயத்தையோ கேட்டுக்கொண்டு நிற்பதில்லை.

வகுப்பில் செய்யக்கூடியவை

முதலாவது, சொற்களைச் சேகரிப்பது. அலுமாரி, மேசை, சப்பாத்து, பாண், ஜன்னல். இச்சொற்கள் சிறு மாற்றங்களோடு சிங்களத்திலும் இருக்கின்றன. ஏன்? 1505இல் இங்கு வந்த போர்த்துக்கேயரிடமிருந்து இரு மொழிகளும் இவற்றைப் பெற்றன. அம்மாவும் அக்காவும் இரு மொழிக்கும் பொது. எங்கள் முதலாளி சிங்களத்திலும் முதலாளியே. பிள்ளைகள் வகுப்பறையைச் சுற்றி நடந்து இப்படியான சொற்களைக் கண்டுபிடிக்கட்டும். ஒரு மணி நேரத்தில் ஒரு பட்டியல் சுவரில் ஏறிவிடும். பக்கத்தில் "தாத்தா" போன்று ஒலி ஒன்றாகவும் பொருள் வேறாகவும் உள்ள சொற்களுக்கு இன்னொரு பட்டியல் போடலாம்.

இரண்டாவது, சமையலறையைப் பாடமாக்குவது. மிளகாய் இல்லாத கறியை எம்மால் நினைத்துப் பார்க்க முடியுமா? மிளகாயும் உருளைக்கிழங்கும் அமெரிக்கக் கண்டத்தில் பிறந்தவை. மிளகாய் வருமுன் எம் முன்னோர் உறைப்புக்கு மிளகையே நம்பியிருந்தார்கள். மிளகாய் என்ற பெயரிலேயே அந்த மிளகு இருக்கிறது. நாங்கள் குடிக்கும் தேயிலையும் வெளியிலிருந்து வந்ததே. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரை தோட்டத்தில் அதை வணிகப் பயிராக நட்டார். வந்த பயிர் இந்த மண்ணில் வேர்விட்டு இந்த மண்ணின் சுவையைப் பெற்றது. இலங்கைத் தேயிலையின் ஏழு பிரதேசங்களில் ஒன்றுக்கு உடப்புசல்லாவை என்றே பெயர். "நீங்கள் வந்தவர்கள்தானே" என்ற பேச்சைக் கேட்டு வளரும் பிள்ளைக்கு இப்பாடம் நிமிர்ந்து நிற்கக் கற்றுக்கொடுக்கும்.

மூன்றாவது, துண்டுகளை இணைக்கும் முறை. 1971இல் டெக்சாஸ் மாநிலத்தின் ஒஸ்ரின் நகரில் வெள்ளை, கறுப்பு, ஸ்பானிய வம்சாவளிப் பிள்ளைகள் முதன்முறையாக ஒரே வகுப்பில் அமர்ந்தபோது பெரும் பதற்றம் நிலவியது. எலியட் அரொன்சன் என்ற உளவியலாளர் பாடத்தைத் துண்டுகளாகப் பிரித்துக் கொடுத்தார். ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு துண்டு; மற்றவரிடம் கேட்காமல் பாடம் முழுமையடையாது. இதை எமது தரம் 4, 5 வகுப்புகளில் எளிதாகச் செய்யலாம். உருளைக்கிழங்குச் செய்கையை எடுத்துக்கொள்ளுங்கள். விதைக்கிழங்கு பற்றி ஒரு பிள்ளை, பாத்தி கட்டுவது பற்றி இன்னொரு பிள்ளை, நோய் பற்றி மூன்றாவது, சந்தை பற்றி நான்காவது, தத்தம் வீட்டில் கேட்டு வரட்டும். வகுப்பில் வாய் திறக்காத பிள்ளையிடமே விதைக்கிழங்குத் துண்டு இருந்தால், மற்ற மூவரும் அவன் பேசும்வரை பொறுமையாக இருப்பார்கள். கேலி செய்தால் நட்டம் தங்களுக்கே என்று அவர்களுக்குத் தெரியும்.

நான்காவது, ஊரிலுள்ளவர்களை வகுப்புக்கு அழைப்பது. காமன் கூத்தில் ஆடுபவர் வரட்டும். தப்பு இல்லாமல் காமன் கூத்து இல்லை. ஆகவே தப்பு அடிப்பவரும் வரட்டும். அவருக்கு ஆசிரியர் நாற்காலி போடட்டும். சாதியின் பெயரால் லயத்துக்குள்ளேயே ஒதுக்கப்பட்ட ஒருவரின் பிள்ளை, தன் தகப்பன் அந்த நாற்காலியில் இருப்பதை ஒருமுறை பார்த்தால் போதும். பிற இனத்தவரை மதிக்கச் சொல்லிவிட்டு, சொந்தத் தோட்டத்துக்குள் சாதி பார்க்கும் எம்மைப் பிள்ளைகள் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஐந்தாவது, ஒரே இடத்தைப் பல கண்களால் பார்ப்பது. மஸ்கெலியாப் பக்கத்து மலையைச் சிவனொளிபாதம் என்கிறோம். சிங்களவர் ஸ்ரீபாத என்கின்றனர். முஸ்லிம்களுக்கு அது பாவா ஆதம் மலை. கிறிஸ்தவர்களும் அதற்கு ஒரு மரபு சொல்வதுண்டு. மலை ஒன்றுதான். ஏறும் படிகளில் களைத்தவருக்குத் தண்ணீர் கொடுப்பவர், நீ யாருடைய பாதத்தை வணங்க வந்தாய் என்று கேட்பதில்லை.

வீட்டில் செய்யக்கூடியவை

பாடசாலை சில மணித்தியாலம். மீதி நேரமெல்லாம் வீடு. "அவங்க எல்லாம் அப்படித்தான்" என்று நாம் ஒருமுறை சொன்னால், ஆசிரியையின் ஒரு மாதப் பாடம் கரைந்துவிடும். கடன் ஏமாற்றியவர் ஒருவர் என்றால், அந்த ஒருவரின் செயலைச் சொல்லுங்கள்; அவருடைய இனத்தைப் பிள்ளையின் முன் இழுக்காதீர்கள்.

நீங்கள் பட்டதைப் பிள்ளையிடம் மறைக்கவும் வேண்டாம். எப்போது, எங்கிருந்து, ஏன் வந்தோம் என்று சொல்லுங்கள். எரித்தவர்களைப் பற்றிச் சொல்லும்போது, ஒளித்து வைத்துக் காப்பாற்றிய அயலவரைப் பற்றியும் சேர்த்துச் சொல்லுங்கள். அப்படியொருவர் எத்தனையோ குடும்பங்களின் கதையில் இருக்கிறார்.

பிள்ளையின் பெயரைப் பாடசாலையில் பிழையாக எழுதினாலோ, பேச்சைக் கேலி செய்தாலோ, சென்று பணிவாகவும் உறுதியாகவும் கேளுங்கள். தனியே போகத் தயக்கமாக இருந்தால் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் மூன்று பெற்றோராகச் சேர்ந்து எழுந்து பேசுங்கள்.

உரிமைக்கு மாற்று அல்ல

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். வகுப்பறையில் அன்பைக் கற்பித்துவிட்டு, வெளியே அநீதியை அப்படியே விட்டுவிடுவது ஏமாற்று வேலை. 1948இல் குடியுரிமை மறுக்கப்பட்ட மக்களின் பிரச்சினைக்குச் சட்டம் இறுதித் தீர்வு காண 2003 வரை ஆயிற்று. சொந்தக் காணியும் தனி வீடும் இல்லாத குடும்பங்கள் இன்றும் லயங்களில் உள்ளன. இவற்றுக்கான போராட்டத்தின் இடத்தைப் பாலர் வகுப்புப் படம் பிடிக்க முடியாது.

ஆயினும் இரண்டும் ஒன்றாகச் செல்லலாம் என்பதற்கு எம்மிடையே சான்று உண்டு. 1970களின் பிற்பகுதியில் வவுனியாப் பகுதியில் மலையக அகதிகளைக் குடியமர்த்திய காந்தீயம் அமைப்பு, காணியையும் விதையையும் மட்டும் கொடுத்து நிற்கவில்லை. கிராமத்துப் பெண்களைப் பயிற்றுவித்துப் பாலர் பாடசாலைகளையும் நடத்தியது. அதை வழிநடத்திய கட்டடக்கலைஞர் எஸ். ஏ. டேவிட்டும் மருத்துவர் இராஜசுந்தரமும் 1983இல் சிறையிடப்பட்டார்கள். இராஜசுந்தரம் அவ்வாண்டு ஜூலையில் வெலிக்கடைச் சிறைப் படுகொலையில் உயிரிழந்தார். நிலமற்றவரின் பிள்ளைக்கு நிலத்தோடு சேர்த்து ஒரு வகுப்பறையும் வேண்டும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

அன்று முன்பள்ளி விடும் நேரத்தில் அந்தச் சிறுமியை அழைத்துப்போக வந்தது வேறு யாருமல்ல. படத்திலிருந்த இரட்டைப் பின்னல்தான். பிள்ளைகள் வாசலில் கூடி நின்று, "தாத்தா வந்தாச்சு! தாத்தா வந்தாச்சு!" என்று கத்தினார்கள். பெரிய பாடசாலைச் சீருடையில் நின்ற அந்தப் பெண் வெட்கத்தால் முகத்தை மூடிக்கொண்டார். மடித்த கோடுகள் தெரிய, படம் சுவரில் மற்ற இரண்டுக்கும் நடுவில் இருந்தது.

இன்றிரவு உங்கள் பிள்ளையிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "ஒன் பக்கத்துல யாரு உக்காருறாங்க? அவங்க வீட்டுல அம்மாவ எப்படிக் கூப்பிடுவாங்க?" பதில் தெரியாவிட்டால், நாளை கேட்டு வரச் சொல்லுங்கள்.